பிள்ளைகள் தூங்கும் அறையில் பூஞ்சை: சுரண்டுவதற்கு முன்னும் பின்னும்

சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. பத்துக்குப் பதினொன்று அளவில் ஒரு படுக்கையறை. அதன் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. இந்தப் பக்கம் சுவரை ஒட்டி பிளைவுட் அலமாரி, அதை ஒட்டி நாலு வயதும் ஒன்றரை வயதுமான இரண்டு பிள்ளைகளின் கட்டில். மூத்தவனுக்கு ஐப்பசி பிறந்தால் மூச்சு இளைப்பு. அலமாரியை முன்னால் இழுத்துப் பார்த்தால் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலத்துக்குக் கரும்பச்சைப் புள்ளிகள். பெயிண்ட் பொரிந்து நிற்கிறது, பட்டி விரலோடு மாவாக வருகிறது.

மொத்தம் ஏழரை சதுர அடி. பத்து சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரர்களே சுத்தம் செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. அதற்கு மேல் பரவியிருந்தாலோ, சாக்கடைத் தண்ணீர் புகுந்து வந்த பூஞ்சை என்றாலோ அனுபவமுள்ள ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

அலமாரிக்குப் பின்னால் பல மாதமாகக் கிடந்த பூஞ்சையை விட, அதைச் சுரண்டுகிற அந்த அரை நாள்தான் பிள்ளைகளுக்கு அதிக ஆபத்து. காய்ந்த பூஞ்சையில் பிரஷ் பட்டதும் வித்துகள் காற்றில் ஏறி வீடு முழுக்கப் படியும். கூடவே பெயிண்ட் தூசி, மருந்து வாடை. அதனால் இந்த வேலையின் வரிசை முழுவதையும் பிள்ளைகள் அப்போது எங்கே இருப்பார்கள் என்பதை வைத்தே போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. 2021இல் கொரோனாவோடு வந்து எல்லோரையும் பயமுறுத்திய "கறுப்புப் பூஞ்சை" நோய் வேறு, சுவரில் கறுப்பாகப் படர்வது வேறு. சுவர்ப் பூஞ்சையின் நிறத்தை வைத்து அதன் தீவிரத்தைச் சொல்ல முடியாது. என்ன வகை என்று ஆய்வுக்கு அனுப்புவதும் வீண் செலவு. எந்த வகையானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். இளைப்பு, விடாத மூக்கடைப்பு, இரவு இருமல் உள்ள பிள்ளையை மருத்துவரிடம் காட்டும்போது "வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கிறது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய் மருந்தோ எடுத்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால் வேலை நடக்கும் நாட்களில் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இதைக் கண்டுபிடிக்காமல் பிரஷைத் தொட்டால் அடுத்த மழைக்குள் அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்ப வரும். சுவரில் தெரியும் வெள்ளைப் பூப்பு எல்லாம் பூஞ்சை இல்லை. உப்புப் பூத்திருந்தால் படிகம் போல நொறுங்கும், தண்ணீர் தெளித்தால் கரைந்துவிடும். பூஞ்சை கரையாது, ஈரத்துணியில் மையாக இழுபடும். இந்தச் சுவரில் இரண்டும் இருந்தன. கீழே ஓரடி உப்பு, அதற்கு மேலே பூஞ்சை. உப்பு இருக்கிறது என்றால் தண்ணீர் செங்கல் வழியாக நடந்து வந்திருக்கிறது.

உறுதி செய்ய ஒரு பாலிதீன் சோதனை போதும். ஓரடிக்கு ஓரடி கனமான பாலிதீன் துண்டை, பொரியாத இடமாகப் பார்த்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த வெளிப்பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம். இங்கே உள்பக்கம் கோத்திருந்தது.

ஈரம் தரையிலிருந்து ஏறி மேலே போகப் போகக் குறைந்தது. உச்சியிலிருந்து இறங்கியிருந்தால் மாடி வீட்டையும், சுவர் நடுவில் வட்டமாக இருந்தால் உள்ளே போகும் குழாயையும் சந்தேகிக்கலாம். தரையோடு ஒட்டிய ஈரத்துக்கு முதல் சந்தேகம் குளியலறைத் தரைமேல்தான். மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பூட்டிவிட்டு ஈரமானியில் தினமும் அளவு பாருங்கள். அளவு இறங்கினால் தரை ஒழுகுகிறது. இறங்காமல் நின்றால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரிடம் கைப்பம்பு வைத்து அழுத்தச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். ஊசி முனை ஈரமானி காட்டும் எண் மரத்துக்கானது, சுவரில் அதை அப்படியே நம்பக் கூடாது. அதே வீட்டில் நன்றாகக் காய்ந்த ஒரு சுவரில் குத்தி அந்த எண்ணை அடையாளமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இங்கே அளவு இறங்கியது. பிறகு குளியலறைத் தண்ணீர் வெளியேறும் தரைத் துளையான நானி டிராப்பின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, தரையில் ஓரங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விட்டபோது மட்டம் தெளிவாகக் கீழே போயிருந்தது.

அறையை அடைப்பது

பிள்ளைகள் அன்று காலையிலேயே தாத்தா பாட்டி வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விட வேண்டும். "பக்கத்து ரூமில் இருக்கட்டும்" என்பது போதாது. கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருக்கிறது, நாலு வயசுக்காரன் என்ன நடக்கிறது என்று பார்க்க வராமல் இருக்க மாட்டான்.

துணி, பொம்மை, புத்தகம், படுக்கை எல்லாவற்றையும் சுரண்டும் முன்பே எடுத்துவிடுங்கள். நகர்த்த முடியாததைப் பாலிதீன் போட்டு மூடி டேப் ஒட்டுங்கள். கதவு நிலைக்கு வெளிப்பக்கம் கனமான பாலிதீன் தாளை மேலிருந்து தொங்கவிட்டு, ஆள் நுழையும் பக்கம் தவிர மற்ற இரண்டு ஓரமும் மாஸ்கிங் டேப்.

மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், ஏசியின் காற்று வாயையும் பாலிதீனால் மூடுங்கள். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்பவர் பத்தே நிமிடத்தில் மின்விசிறியைப் போட்டுவிடுவார். அடுத்த நிமிடம் வித்துகள் கூரை வரைக்கும் போய்விடும். காற்று வேண்டுமென்றால் ஜன்னலில் ஒரு மேஜை விசிறியை முகம் வெளியே பார்க்க வைத்து, ஜன்னலின் மிச்ச இடத்தை அட்டையால் அடைத்து ஓடவிடுங்கள். அறைக் காற்று வெளியே போகும், கதவுப் பக்கத்திலிருந்து உள்ளே வரும். வித்து வீட்டுக்குள் போக வழியில்லை.

உடம்புக்கு என்-95 முகக்கவசம், முகத்தில் இடுக்கில்லாமல் படிந்திருக்க வேண்டும். கைக்குட்டையும் மூன்றடுக்கு நீல முகக்கவசமும் இதற்கு உதவாது. காற்றுத் துளை இல்லாத கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை.

சுரண்டல்

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். அதைத் தெளிப்பானில் ஊற்றி, பூஞ்சை இருக்கும் இடத்தையும் சுற்றி ஓரடியையும் மென்மையாகத் தெளித்து நனையுங்கள். பீய்ச்சி அடித்தால் தண்ணீரின் வேகத்திலேயே வித்து பறக்கும். பத்து நிமிடம் ஊறிய பிறகு பட்டி தகட்டால் பொரிந்த பெயிண்டையும் பட்டியையும் வழித்து எடுங்கள். காயக் காயத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரண்டியது கீழே விரித்த பாலிதீனில் ஈரமாக விழ வேண்டும், தூசியாக அல்ல.

உப்புத்தாள் வேண்டாம், சாணை பிடிக்கும் மெஷின் வேண்டவே வேண்டாம். பூஞ்சை ஒரு காரணம், ஈயம் இன்னொரு காரணம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், குறிப்பாக ஜன்னல், கதவு நிலைகளில் உள்ள பளீர் மஞ்சளும் சிவப்பும் பச்சையும், ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்ள வேண்டியவை. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையைத்தான் வாயில் வைக்கும்.

பெயிண்ட் போன பிறகு அதே சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒரு துணி, ஒரு துடைப்பு, மடித்து அடுத்த பக்கம்; நான்கு பக்கமும் முடிந்தால் குப்பைப் பைக்குள். திரும்ப வாளியில் முக்கினால் வாளித் தண்ணீரே வித்துக் கரைசலாகிவிடும். வீட்டு வாக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத இயந்திரம் ஒரு பக்கம் உறிஞ்சி மறு பக்கம் ஊதும்.

சுவரைத் தட்டிப் பார்த்ததில் கீழ் ஓரடி பூச்சு பொள்ளலாக ஒலித்தது. உப்பு ஏறிய பூச்சு தேறாது. காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டே இருக்கும். பொள்ளல் முடியும் இடத்துக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்து, தண்ணீர் தெளித்தபடி உளியால் செங்கல் தெரியும் வரை எடுத்தாயிற்று.

கழிவை இரட்டைப் பையில் கட்டி, வெளிப் பையை ஈரத்துணியால் துடைத்த பிறகே கூடம் வழியாகக் கொண்டு போக வேண்டும். வேலை செய்தவர் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. உடுப்பைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான்.

மருந்துகள்: எது வேண்டாம், ஏன்

பிளீச்சிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பூச்சு, பட்டி, மரம் போன்ற உறிஞ்சும் பரப்பில் குளோரின் மேலேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கறை வெளுத்துவிடுவதால் பூஞ்சை போய்விட்டது போலத் தெரியும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை கொடுக்கும் என்பதால் அதைக் கொன்றுவிட்டு அங்கேயே விடுவதில் பிள்ளைக்கு லாபம் இல்லை, துடைத்து எடுத்தாக வேண்டும். படுக்கையறைச் சுவருக்கு பிளீச் தேவையே இல்லை. குளியலறை டைல் இடுக்குக்கு மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேல் போகாமல் வீட்டு பிளீச் திரவம், பத்து நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர். அதே இடத்தில் அதற்கு முன்போ பின்போ கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிர் போகிற விஷயம். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. மிச்சக் கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வருவது பல நேரம் இந்த வழியில்தான். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு 108.

வினிகர் ஓர் அமிலம், சுண்ணாம்புப் பூச்சை அரிக்கும். பழைய பெயிண்டர்கள் வெள்ளையடிப்பில் மயில்துத்தம் கலப்பார்கள். பூஞ்சையை அது தடுக்கும்தான், ஆனால் சுவரை நக்குகிற, சுரண்டித் தின்கிற வயதுப் பிள்ளை இருக்கும் அறையில் செம்பு உப்பு எதற்கு? வெண்காரத்துக்கும் அதே பதில்.

ஓத வாடை போக சாம்பிராணி போடுவது வாடையை மறைக்கும், இளைப்பைக் கிளப்பும். அலமாரிக்குள் அந்துருண்டை போடுவது இன்னும் மோசம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால் இரத்த அணுக்கள் உடையும். குறைபாடு இருக்கிறதா என்பது பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு, அடியில் சேரும் தண்ணீர் தோலையும் வாயையும் எரிக்கும். வைத்தால் மேல் தட்டில் மட்டும்.

குளியலறைப் பக்கம்

நானி டிராப்பின் கழுத்தைச் சுற்றித்தான் ஒழுகல், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். டைல் போட்டவர் டிராப்பைச் சுற்றிச் சிமெண்டை அடைத்துவிட்டுப் போயிருப்பார், சிமெண்ட் காய்ந்து சுருங்கி மயிரிழை விலகியிருக்கும். தண்ணீர் அதன் வழியாக சங்கன் பகுதியில், அதாவது குளியலறைத் தரைக்கு அடியில் தாழ்த்திக் கட்டிய பள்ளத்தில், நிரப்பிய செங்கல் துண்டுகளுக்குள் தேங்கி, சுவர் வழியாக ஏறும். மேலே இடுக்குக்கு வெள்ளைச் சிமெண்ட் பூசினால் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

தரை டைலையும் சுவரின் கீழ் வரிசை டைலையும் எடுத்து, டிராப்பைச் சுற்றி இரண்டங்குல ஆழம் கொத்திச் சுருங்காத கிரௌட் (இடைவெளி அடைக்கும் கலவை) நிரப்பப்பட்டது. தரையும் சுவரும் சேரும் மூலையை ஓரங்குல வட்டமாகக் கலவையால் உருட்டிவிட வேண்டும். நேர் மூலையில் பூச்சு கண்டிப்பாகக் கிழியும். பிறகு இரண்டு பாகமாக வரும் பாலிமர் சிமெண்ட் பூச்சு, தரை முழுக்கவும் சுவரில் ஓரடி உயரமும், ஷவர் பக்கம் ஆறடியும். முதல் கோட் ஒரு திசை, அது தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்குத் திசை. மூலையிலும் டிராப்பைச் சுற்றியும் இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்ணாடி இழை வலை. கலவை விகிதம் பொட்டலத்தில் உள்ளபடி. இளக்கமாக வேண்டுமென்று கொத்தனார் தண்ணீர் ஊற்றினால் தடுத்துவிடுங்கள், பூச்சின் பலம் அங்கேயே போய்விடும்.

காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல் போட விடக் கூடாது. இந்த இரண்டு நாளுக்காகத்தான் ஒப்பந்தக்காரரோடு சண்டை வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். தரைச் சரிவு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது டிராப்பை நோக்கி இருக்கட்டும். டைல் இடுக்குக்கு எபாக்சி கிரௌட்.

காய விடுவது

பொறுமை போவது இந்த இடத்தில்தான். சுவர் கனத்தில் இஞ்சுக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இது நாலரை இஞ்ச் சுவர், மறு பக்கம் டைல் மூடியிருக்கிறது, ஈரம் போக இந்தப் பக்கம் ஒன்றுதான் வழி. வேலையை மாசி, பங்குனியில் தொடங்கினால் கோடை முழுக்கக் கைகொடுக்கும். கார்த்திகையில் தொடங்கினால் ஈரநீக்கி இயந்திரமோ ஏசியின் டிரை மோடோ இல்லாமல் காயாது. செங்கல் தெரிகிற அறையில் அதுவரை பிள்ளைகள் படுக்க வேண்டாம்.

காய்ந்த சுவரின் எண்ணுக்குப் பக்கத்தில் ஈரமானி வந்த பிறகு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவையில் பூச்சு, ஏழு நாள் தண்ணீர் விட்டு நனைத்தல், மறுபடியும் குறைந்தது நான்கு வாரம் காயவிடுதல், பிறகுதான் பெயிண்ட். இடையில் பெயிண்டர் "டேம்ப் புரூஃப் ஒரு கோட் அடிச்சா முடிஞ்சிடும் சார்" என்பார். உள்பக்கத்தை மட்டும் அடைத்தால் ஈரம் அடுத்த அடிக்கோ அடுத்த சுவருக்கோ நகரும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு தந்தை 2017இல் வீட்டுப் பூஞ்சையைப் பற்றிப் புகார் செய்தபோது கிடைத்த பதிலும் மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். 2020 டிசம்பரில் அவருடைய இரண்டு வயது மகன் ஆவாப் இஷாக் இறந்தான். பூஞ்சையில் நீண்ட காலம் இருந்ததால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022இல் மரண விசாரணை முடிவு சொன்னது. அங்கே வாடகை வீட்டுப் பூஞ்சைக்குக் கெடு வைக்கும் சட்டமே அவன் பெயரில் வந்திருக்கிறது.

இந்தச் சுவருக்கு அடித்தது வாடை குறைந்த சாதாரண உட்புற எமல்ஷன், ஈரம் மூச்சுவிடும் வகை. அலமாரி மறைக்கும் பகுதிக்கு நீர்த்த சுண்ணாம்பு மூன்று கோட். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. கையில் ஒட்டும் என்பதால் பிள்ளை தொடும் இடத்தில் வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாகும், அடிக்கும் நாளிலும் பிள்ளைகள் வெளியே.

சாமான்கள்

பிளைவுட் அலமாரியின் முதுகுப் பலகை ஊதியிருந்தது, கழற்றி எறிந்தாயிற்று. அடுக்கு விட்ட பிளைவுட்டையும் துகள்பலகையையும் துடைத்துக் காப்பாற்ற முடியாது. இலவம்பஞ்சு மெத்தையில் புள்ளி விழுந்திருந்தால் வெயிலில் போட்டாலும் உள்ளே இருப்பது போகாது, அதுவும் குப்பைக்கே. துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து அன்றே முழுக்கக் காய வையுங்கள். துணி பொம்மைக்கும் அதே, தாங்காததை விட்டுவிடுங்கள். அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் குளியல் பொம்மையை வெட்டிப் பாருங்கள், உள்ளே கறுப்பாக இருக்கும். திரும்ப வாங்க மாட்டீர்கள். பள்ளிப் புத்தகங்களை மொட்டை மாடியில் காய வைத்து, முகக்கவசம் போட்டு, காற்றடிக்கும் திசையில் தூசி தட்டினால் போதும்.

அறைக் காற்று

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிற அறிவுரை குளிர் நாட்டுக்கு எழுதப்பட்டது. கார்த்திகையில் சென்னை வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் அது 25 டிகிரிச் சுவரில் பட்டாலே வேர்க்கும். இரவெல்லாம் 20 டிகிரியில் ஏசி ஓடிய அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால் நடப்பது அதுதான். ஏசியை 26இல் வையுங்கள். காலையில் ஜன்னலைத் திறக்கும் முன் ஏசியை அணைத்துச் சுவர் சூடேற ஒரு மணி நேரம் விடுங்கள். ஒரு சிறிய ஈரப்பத மானி வாங்கிப் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பாருங்கள். மழை நாளில் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் ஒரு வாளித் துணியே ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை அறைக்குள் விடும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அடியில் கால் வைத்து நிறுத்துங்கள்.

பிள்ளைகளைத் திரும்பப் படுக்க வைக்கும் முன் அறையை ஈரத்துணியால் கூரை விசிறி இறக்கை முதல் தரை வரை துடைத்து, ஏசி வடிகட்டியைக் கழுவிக் காயப் போட்டு, கதவைச் சாத்தி ஒரு நாள் விட்டுத் திறந்து பாருங்கள். வாடை அடித்தால் எங்கோ மிச்சம் இருக்கிறது. கதவு நிலையின் மேல் விளிம்பு, திரைச்சீலை மடிப்பு, கட்டில் பலகையின் அடிப்பக்கம் இவற்றைப் பாருங்கள். அடுத்த ஐப்பசியில் இரண்டாவது மழை முடிந்ததும் அலமாரியை இழுத்து அதே இடத்தில் ஈரமானியைக் குத்துங்கள். எண் ஏறியிருந்தால் குளியலறையில் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். எண் ஏறாமல் புள்ளி மட்டும் வந்திருந்தால் ஏசியையும் துணிக் கொடியையும் கவனியுங்கள்.